ஏழு இலை வந்தால் காட்டு ரோஜாவா?

போன வருஷம் சித்திரையில், கும்பகோணம் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டை விற்பது என்று முடிவானது. பாத்திரம் பண்டம் பிரிக்கிற பேச்சில் அம்மா எதையும் கேட்கவில்லை. பித்தளை அண்டா, ஊஞ்சல், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் "யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்று விட்டுவிட்டாள். கடைசியில் என்னிடம் மட்டும், "அந்தக் கிணத்தடி பன்னீர் ரோஜாவ எப்படியாவது கொண்டு வந்துடுடி" என்றாள். பத்திரப்பதிவு தை மாதம். ஒன்பது மாதம் கையில் இருந்தது.

ஒரு ரோஜாச் செடிக்கு ஒன்பது மாதம் போதாதா என்றுதான் நினைத்தேன். பட்ட பிறகு தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், அது என்ன செடி? 'பழைய ரோஜா' என்பதற்கு உலகத்தில் ஒரு கணக்கு உண்டு. 1867-ல் பிரான்ஸின் லியோன் நகரத்து நர்சரிக்காரர் கியோ, 'லா பிரான்ஸ்' என்ற ரகத்தை வெளியிட்டார். நீளக் காம்பில் பெரிய மொட்டு விடுகிற இன்றைய ஹைப்ரிட் டீ ரோஜாக்களுக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அந்த வருஷத்துக்கு முன்பே இருந்த ரோஜா வகைகளை 'பழைய தோட்ட ரோஜா' என்கிறது அமெரிக்க ரோஜா சங்கம்.

நம்ம ஊரில் பன்னீர் ரோஜா என்று ஒரே பேரில் இரண்டு பழைய ரோஜாக்கள் புழங்குகின்றன. ஒன்று டமாஸ்க். இதுவே ஒரு கலப்பினம். 2000-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்து, காலிகா, மஸ்க், மத்திய ஆசியாவின் ஃபெட்சென்கோவானா என்று மூன்று இனங்களின் ரத்தம் இதில் கலந்திருக்கிறது என்று சொன்னார்கள்.

இன்னொன்று, பூக்கடைக்காரர்களும் விவசாயிகளும் 'எட்வர்ட் ரோஜா' என்று சொல்வது. அந்த எட்வர்ட் இங்கிலாந்து ராஜா இல்லை! பிரெஞ்சு 'எதுவார்' நம் வாயில் எட்வர்ட் ஆகிவிட்டது. பிறந்த இடம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பூர்போன் தீவு, இன்றைய ரீயூனியன். அங்கே நிலங்களுக்கு வேலியாக ரோஜா நடுவார்கள். வருஷம் முழுக்கப் பூக்கும் சீன ரோஜாவும், இரண்டு பருவம் பூக்கும் டமாஸ்கும் அந்த வேலியில் தானாகவே கலந்து உண்டான செடி இது. 1817-ல் தீவுக்கு வந்த பிரேயோன் என்ற தாவரவியலாளர் இதைக் கவனித்தார். அவர் அனுப்பிய விதைகள் பிரான்ஸில் முளைத்து, பூர்போன் ரோஜா என்ற ஒரு வம்சமே உண்டானது. பின்னாளில் நம் ஊர்க்காரர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப்போனதும் இதே தீவுக்குத்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க, பூவை விடத் தண்டுதான் உதவும். டமாஸ்க் தண்டில் பெரிசும் சின்னதுமாக முள் அடர்ந்து, நடுவில் மயிர் மாதிரி நுண்முள்ளும் இருக்கும். இலை மங்கலாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். எட்வர்டின் இலை கொஞ்சம் வழவழப்பு. முள் குறைவு, கொக்கி போல வளைந்திருக்கும். எங்கள் கிணற்றடிச் செடி சந்தேகமில்லாமல் எட்வர்ட். அம்மாவிடம் சொன்னேன். "யாரா இருந்தா என்ன, வாசனை அதுதானே" என்று முடித்துவிட்டாள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. எட்வர்ட் கலப்பினம் என்பதால், விதை போட்டால் அதே ரோஜா வராது. அன்று பூர்போன் விதையிலிருந்து பிரான்ஸில் வந்ததும் வேறு வேறு ரகங்கள்தான். அதே செடி வேண்டுமென்றால் குச்சியோ பதியமோதான் வழி. அப்படிப் பார்த்தால், வீடு வீடாகக் குச்சி வாங்கி நட்டு வந்திருக்கிற இந்த ரோஜா இருநூறு வருஷமாக வாழ்கிற ஒரே செடி.

முதல் முயற்சி சொதப்பல். அவசரப்பட்டு, மே மாத வெயிலில் பத்துக் குச்சி வெட்டி நட்டேன். பத்தும் துளிர்த்தது, அம்மாவுக்குப் போட்டோ கூட அனுப்பினேன். மூன்றே வாரத்தில் பத்தும் கறுத்துப்போனது. குச்சியில் இருக்கும் சேமிப்பிலேயே துளிர் வந்துவிடும். வேர் இறங்கியதற்கு அது சாட்சி இல்லை. அந்தத் துளிர் இலைகள் வெயிலில் நீரை இழக்க, ஈடுகட்ட வேர் இல்லாமல் குச்சி செத்துவிடுகிறது.

ஆவணியில், முதல் மழை பெய்த பிறகு பதியம் போட்டேன். பென்சில் கனத்துக்கு முற்றிய, வளையக்கூடிய கிளையைத் தரைக்கு வளைத்து, மண்ணுக்குள் போகும் இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு கீறல். கீறல் மூடிக்கொள்ளாமல் நடுவில் ஒரு சின்னக் கல். மேலே மண், அதன் மேல் ஒரு செங்கல். நுனி மட்டும் வெளியே. தாய்ச்செடியிலிருந்து தண்ணி போய்க்கொண்டே இருப்பதால் வேர் வரும்வரை கிளை காயாது. மூன்று கிளை போட்டதில் இரண்டு பிடித்தது. மார்கழியில் தாயிடமிருந்து வெட்டி, தொட்டியோடு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சென்னை வந்தேன்.

இரண்டாவது தப்பு இங்கே நடந்தது. மாசி மாதம் ஒரு செடியின் அடியிலிருந்து தடிமனாக ஒரு புதுத் தண்டு கிளம்பியது. ஒவ்வொரு காம்பிலும் ஏழு இலை. பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "ஏழு இலை வந்தா காட்டு ரோஜாம்மா, பிடுங்கிடுங்க" என்றார். நானும் பிடுங்கிவிட்டேன்.

அந்தப் பேச்சு ஒட்டுச் செடியிலிருந்து வந்தது. நர்சரி ரோஜாக்கள் பெரும்பாலும் வேறொரு ரோஜாவின் வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டியவை. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை விட்டால் அது வளர்ந்து மேல்செடியைக் கொன்றுவிடும், எடுத்தே ஆகவேண்டும். ஆனால் அடையாளம் இலை எண்ணிக்கை இல்லை, தளிர் கிளம்புகிற இடம். எட்வர்டும் டமாஸ்கும் இயல்பாகவே ஐந்தும் ஏழுமாக இலை விடும். பதியச் செடியில் ஒட்டே கிடையாது. அடியிலிருந்து வருவதும் அதே ரோஜா. பழைய தண்டு கிழடாகும்போது செடியைப் புதுப்பிப்பதே அந்த அடித்தளிர்தான். நான் பிடுங்கியது அந்தச் செடியின் அடுத்த சில வருஷத்தை. அது தேறவில்லை. இப்போது இருப்பது ஒன்றே ஒன்று.

அதை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விதம்:

தொட்டி மண் தொட்டி, 14 அங்குலம். செம்மண், மக்கிய தொழு உரம், மணல் கலவை. பச்சைச் சாணி வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஆனால் சித்திரை வைகாசியில் மதியத்துக்கு மேல் நிழல்.

தண்ணி விரலை விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும். எங்கள் போர் தண்ணியில் உப்பு அதிகம். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. காரத் தண்ணியில் மண்ணில் இருக்கும் இரும்பைக்கூடச் செடியால் எடுக்க முடியாது. மழைத்தண்ணி பிடித்து ஊற்றியதில் எங்களுக்குச் சரியானது.

வெயில் காலத்தில் இலை அடியில் செம்பேன் வரும். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணியைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு. மழை நாளில் கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி வெளியே போட்டுவிடுங்கள், தொட்டியிலேயே விடாதீர்கள்.

கவாத்து, மழை ஓய்ந்த மார்கழியில். இந்த ரோஜா புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். பயப்படாமல் பாதி உயரத்துக்கு வெட்டலாம். பட்டுப்போனதும், ஒன்றோடொன்று உரசுகிறதும் முழுசாகப் போகட்டும். அடித்தளிரை மட்டும் தொடாதீர்கள்!

பங்குனியில் முதல் பூ வந்தது. அம்மா பறிக்கவில்லை, மூன்று நாள் காலையில் மாடிக்குப் போய் முகர்ந்துவிட்டு வந்தாள். கிணற்றடியில் இப்போது புது வீட்டின் செப்டிக் டேங்க். அங்கே போய் இன்னொரு கிளை கேட்க முடியாது. அதனால் வருகிற ஆவணியில் மறுபடி பதியம் போடப்போகிறேன். ஒன்று அண்ணன் வீட்டுக்கு, இன்னொன்று ஏழு இலை சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு. என் செடி போனாலும் யார் வீட்டிலாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.