உங்கள் முகத்தில் யாருடைய பிளேடு?

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் "கட்டிங்கா, ஷேவிங்கா?" என்று கேட்பார்கள். "பிளேடு புதுசா அண்ணே?" என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. பல வருடப் பழக்கம், கேட்டால் மனம் கோணுவாரோ என்ற கூச்சம், பின்னால் காத்திருக்கும் நான்கு பேர். இந்தக் கூச்சத்துக்கான விலையைச் சில நேரம் கல்லீரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஷேவிங்கின்போது முடியோடு தோலின் மேல்படலமும் கொஞ்சம் சுரண்டப்படுகிறது. ரத்தம் எட்டிப்பார்க்காவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. அதனால் கத்தி, பிரஷ், கிரீம் என முகத்தில் படும் எதைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். இதற்கு முன் இது யார் மேல் பட்டது? இதைச் செய்து விற்றவர் யார்? முதல் கேள்விக்கு விடை சலூனில் கிடைக்கும், இரண்டாவதற்கு லேபிளில் கிடைக்கும். விலை உயர்ந்த ரேசர் தராத பாதுகாப்பை இந்த இரண்டு கேள்விகள் தரும்.

ஏழு நாள் தாக்குப்பிடிக்கும் வைரஸ்

ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போட்டால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவ வழி உண்டு. மூன்றில் எச்.ஐ.வி. பற்றித்தான் பயம் அதிகம். ஆனால் உடலுக்கு வெளியே அது சீக்கிரம் வலுவிழந்துவிடும். ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. காய்ந்த ரத்தத் துளியில்கூடக் குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கும். தொற்றிய பிறகு நோய் தலைகாட்ட ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். மஞ்சள் காமாலை வரும் நாளில் எந்த சலூனில் எப்போது ஷேவ் செய்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுவதும் சேர்க்கப்பட்டது 2011இல்தான். இன்று ஷேவிங் செய்யும் வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள். பெரியவர்களும் மூன்று தவணையாக இதைப் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் சில மாத மாத்திரைச் சிகிச்சையில் பெரும்பாலோருக்கு முழுமையாகக் குணமாகிவிடும்.

படர்தாமரை, மரு, மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் போன்றவையும் கத்தி, பிரஷ், துண்டு வழியாகத் தாடைக்கு வந்து சேரும். உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

சலூனில் கேட்க வேண்டியவை

இப்போது பெரும்பாலான கடைகளில் முழு பிளேடை இரண்டாக ஒடித்து, கத்திப் பிடியில் அரை பிளேடைச் செருகிப் பயன்படுத்துகிறார்கள். நல்ல முறைதான். உறையிலிருந்து பிளேடை எடுப்பது உங்கள் கண்முன் நடக்க வேண்டும், அவ்வளவே. மீதி அரை பிளேடு அடுத்தவருக்குப் போகலாம். போட்டு முடித்த பாதி மட்டும் குப்பைக்குப் போக வேண்டும். ஒரு முழு பிளேடின் விலை ஒரு டீயின் விலையைவிடக் குறைவு. கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடலாம், அல்லது வீட்டிலிருந்து ஒரு பிளேடைச் சட்டைப் பையில் எடுத்துப் போகலாம்.

பழைய மடக்குக் கத்தியைச் சாணை பிடித்துத் தோல்வாரில் தீட்டிப் போடும் கடைகள் இன்னும் சில ஊர்களில் உண்டு. டெட்டால் கலந்த தண்ணீரில் அதை முக்கி எடுப்பதால் வைரஸ் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. அந்தக் கத்தி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷேவ் முடிந்ததும் தேய்க்கும் படிகாரக் கட்டியிலும் கவனம் தேவை. ரத்தத்தை நிறுத்துவதில் அது கெட்டிக்காரப் பொருள். அதனாலேயே முன்னால் வந்தவரின் ரத்தம் பட்ட இடமும் அதுவே. படிகாரத்தைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, புதுப் பஞ்சில் தொட்டுத் தடவச் சொல்லலாம். கடைசியில் "நெட்டி எடுத்துவிடவா?" என்று கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் மறுத்துவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்து அதில் இருக்கிறது.

மொட்டை அடிக்கும் இடங்களுக்கும் இதே விதிதான். குழந்தையின் தலையில் வைக்கும் முன் புது பிளேடா என்று பாருங்கள். தமிழக இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்கான கட்டணம் 2021இல் ரத்து செய்யப்பட்டது. யாராவது பணம் கேட்டால் கோயில் அலுவலகத்தில் புகார் தரலாம்.

மருத்துவமனையிலும் ஒரு கேள்வி உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முன் பிளேடால் முடி மழிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கண்டிப்பாக வேண்டாம் என்கிறது. முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் மட்டும் வெட்ட வேண்டும். பிளேடு போடும் கீறல்களில் கிருமி புகுந்து தையல் சீழ் பிடிக்கலாம் என்பதே காரணம். கையில் பிளேடோடு வருபவரிடம் "கிளிப்பர் இல்லையா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

வீட்டுக்கு ரேசர் வாங்கும்போது

கிங் ஜில்லெட் தன் ரேசருக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1904இல். இருபக்க பிளேடு போடும் அந்த அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. கார்ட்ரிட்ஜ் ரேசரில் மூன்று, ஐந்து என்று பிளேடுகள் அடுக்கியிருப்பதால், முடியை இழுத்துத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடுகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு வெட்டுப்பட்ட முனை தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கழுத்தில் கொப்புளமாக வெடிக்கும். அவர்களுக்கு ஒற்றை பிளேடு ரேசர் நல்லது. முடி வளரும் திசையில் மட்டும் இழுத்தால் இன்னும் நல்லது.

ரேசரின் தலைப்பகுதியைக் கவனியுங்கள். மலிவானவை துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசியவை. பூச்சு உரிந்தால் உள்ளே அரிப்பு பிடிக்கும், பிளேடு ஒரு பக்கம் தூக்கலாக உட்காரும். பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேசர் விலை கூடுதல் என்றாலும் பல வருடம் உழைக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் பூச்சு எதனால் ஆனது என்று கேட்டு வாங்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள், பிளேடு அதிகம் வெளியே நீட்டாத ரேசரில் தொடங்கட்டும். சுமார் 30 பாகைச் சாய்வில் பிடித்து, அழுத்தாமல் ரேசரின் எடையே வேலை செய்யும்படி விட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு கொண்டவர்களும் டிரிம்மருக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே ரேசரைப் பயன்படுத்தும் பழக்கம் எவ்வளவு பாசமானாலும் கூடாது. தீர்ந்த பிளேடுகளை மூடியில் கீறல் போட்ட தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் ஒட்டி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

பிரஷ்: முடி எந்த விலங்குடையது?

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் புது ஷேவிங் பிரஷ் வாங்கிய பலர் ஆந்த்ராக்ஸ் நோயில் விழுந்தார்கள். வழக்கமாக வந்துகொண்டிருந்த பேட்ஜர் விலங்கின் முடிக்குத் தட்டுப்பாடு. அதற்குப் பதிலாக, சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத குதிரை முடி பேட்ஜர் முடி போலவே சாயமிட்டு வந்தது. பிரிட்டன் 1919இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. இன்றைய புது பிரஷ்களில் இந்த ஆபத்து மிக மிகக் குறைவு. எனினும் பழம்பொருள் ஆசையில் அந்தக் காலத்து பிரஷ் வாங்குகிறவர்கள் அதை அலமாரியில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பன்றி முடி பிரஷ் விலை குறைவு. கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறினால்தான் இளகும். பேட்ஜர் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும், விலையும் அதிகம். செயற்கை இழை பிரஷ் ஊறத் தேவையில்லை, சீக்கிரம் காயும், விலங்கு முடி வேண்டாம் என்பவர்களுக்கும் ஏற்றது. நம் ஊர்க் குளியலறை ஈரத்துக்கு முதல் பிரஷாக அதையே சொல்லலாம். எதுவானாலும் நன்றாக அலசி, உதறி, காற்றுப்படும் இடத்தில் காயவிடுங்கள். சலூன் பிரஷ் முகம் முகமாகப் போவது. உங்கள் பிரஷைக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் கையால் நுரை தடவச் சொல்லுங்கள்.

கிரீம்: லேபிளே சாட்சி

ஷேவிங் கிரீம் அடிப்படையில் சோப்புதான். ஸ்டியரிக் அமிலம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து உருவாவது. இயல்பில் காரத்தன்மை கொண்டது என்பதால் நீண்ட நேரம் முகத்தில் ஊறவிடக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து படியும். நுரை வரவில்லை என்று கிரீமை மேலும் மேலும் பிதுக்குவதைவிட, ஒரு டம்ளர் குடிநீரைச் சூடாக்கி எடுத்துக்கொண்டால் காசும் மிச்சம், எரிச்சலும் குறையும். வாசனைப் பொருளும் மெந்தாலும் சிலருக்கு ஒவ்வாது. புது கிரீமை முழங்கையின் உள்பக்கம் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடலாம். கேனில் வரும் நுரையில் தீப்பற்றும் வாயு இருக்கும். வெயிலில் நிற்கும் காரிலும் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது.

ஷேவிங் கிரீம் சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த மாதம், எதற்கு முன் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, உட்பொருள் பட்டியல் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். வெளிநாட்டுப் பெயர் மினுங்க, இவை எதுவும் இல்லாத டியூப் நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைத்தால், அந்த மீதிப் பாதியை முகம் கட்டும்.

கீறல் பட்டுவிட்டால்

பழைய பிளேடு கீறிவிட்டது என்று தெரிந்தால் காயத்தைப் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசியும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவராக இருந்தால் அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். 1097 என்ற இலவச எண்ணில் எச்.ஐ.வி. ஆலோசனை கிடைக்கும்.

பின்னாளில் காமாலை வந்தால் கீழாநெல்லியோடு நிறுத்திவிடாமல், எந்த வைரஸ் என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

யாரிடம் முறையிடுவது?

பிளேடு மாற்ற மறுக்கும் கடையைப் பற்றி, தொழில் உரிமம் தரும் உள்ளாட்சி அமைப்பின் சுகாதாரப் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். கிரீம் பற்றிய புகார் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போக வேண்டும். பலருக்குத் தெரியாத ஓர் உரிமை 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் வாங்கிய அழகுசாதனப் பொருளைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கை பெறலாம்.

இழப்பீடு கேட்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. காசு வாங்கிச் செய்யும் ஷேவிங்கும் அதன் கீழ் ஒரு சேவை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ ஆணையத்தில் கட்டணம் இல்லை. இணையத்தில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ரசீது, டியூப், அட்டைப்பெட்டி, தோல் வெடித்த அன்றைய புகைப்படம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைத் தூக்கிப்போடாதீர்கள். கிரீமால் வந்த எரிச்சலை இவற்றைக் கொண்டு நிரூபிக்கலாம். ஆறு மாதம் கழித்து வரும் ஹெபடைடிஸை ஒரு குறிப்பிட்ட கடையோடு சேர்த்து நிரூபிப்பது மிகக் கடினம். அதனால்தான் வழக்கைவிடப் புது பிளேடு முக்கியம்.

நாற்காலி எல்லோருக்கும்

சாதியைச் சொல்லி ஷேவ் செய்ய மறுப்பது குற்றம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதற்கு இருக்கின்றன. காவல் நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் போகலாம். எச்.ஐ.வி. உள்ளவர் என்று தெரிந்து சேவை மறுப்பதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது. ஆளுக்கொரு புது பிளேடு என்றால் யாரையும் மறுக்க மருத்துவக் காரணமும் இல்லை.

இதே பாதுகாப்பு கத்தி பிடிப்பவருக்கும் தேவை. ஒரு நாளில் பல முகங்களைத் தொடும் அவருடைய விரல்தான் அதிகம் கீறுபடுகிறது. அவர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், கையில் காயம் இருந்தால் கையுறை அணிய வேண்டும். முடிதிருத்தும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கிறது. பதிவு செய்திருந்தால் விபத்து, கல்வி, ஓய்வூதிய உதவிகள் கேட்கலாம். உங்கள் சலூன்காரர் பதிவு செய்துவிட்டாரா என்று அடுத்த முறை விசாரியுங்கள். பிளேடைப் பற்றிய கேள்வியையும் அந்தப் பேச்சோடு கேட்டுவிடலாம், இருவருக்கும் சங்கடம் இருக்காது.