யாரும் அழைத்து வராத நோயாளிகள்

குடிநோயிலிருந்து ஊழியர்களை மீட்கும் திட்டங்கள் ஆண்களை மனதில் வைத்து உருவானவை. பெண்களும் தலித் தொழிலாளர்களும் இன்னும் வெளியேதான்.

மைசூர் அக்ரஹாரத்தில் கடைகள் திறக்குமுன்பே தெருக்கள் பெருக்கப்பட்டுவிடுகின்றன. 2016ல் மத்திய அரசு நடத்திய 73 நகரங்களின் தூய்மைப் போட்டியில் மைசூருக்கு முதலிடம் வாங்கித் தந்தவர்கள் பௌரகார்மிகர்கள் எனப்படும் துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் தலித்துகள், பெண்கள் கணிசமானவர்கள். அழுகிய குப்பையின் நாற்றத்தைத் தாங்க ஒரு மடக்கு குடித்துவிட்டு வேலையில் இறங்குவது இந்தத் தொழிலில் நாடெங்கும் காணப்படும் பழக்கம். மனநலப் பிரிவு கொண்ட ஜே.எஸ்.எஸ். மருத்துவமனை இதே பகுதியில்தான் இருக்கிறது. தூரம் ஒரு பிரச்சினை அல்ல. ஆனால் குடிப்பழக்கத்துக்கு ஆளான ஒரு பெண் தொழிலாளி அதன் வாசலை மிதிப்பது அத்தனை சுலபமில்லை.

குடிநோயாளிகளில் சிகிச்சை பெறுபவர்கள் பொதுவாகவே சொற்பம். எய்ம்ஸ் நிபுணர்கள் நடத்தி, 2019ல் வெளியான தேசிய ஆய்வு நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகக் கணக்கிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். ஆண்களில் 27.3 சதவிகிதத்தினர் குடிக்க, பெண்களில் குடிப்பவர்கள் 1.6 சதவிகிதமே. இந்தச் சிறிய எண்ணே பெண்களுக்குப் பாதகமாகிவிடுகிறது. ஒரு சிலருக்காகத் தனி ஏற்பாடு எதற்கு என்று கேட்க அது வசதியான சாக்கு.

குடிக்கும் தொழிலாளியை விரட்டுவதைவிட குணப்படுத்தி வைத்துக்கொள்வதே லாபம் என்பதை 1940களில் உணர்ந்தவை டூபான்ட், ஈஸ்ட்மன் கோடக் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள். சூப்பர்வைசர் கண்டுபிடிப்பார், நிர்வாகம் சிகிச்சைக்கு அனுப்பும், குணமாகித் திரும்பினால் வேலை காத்திருக்கும். சென்னையில் குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரிலேயே 1980ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையம் தொழிற்சாலை ஊழியர்களுக்காகவும் திட்டங்கள் வகுத்தது. நோயாளியோடு குடும்பத்தினருக்கும் ஆலோசனை தருவது அதன் முக்கிய அம்சம்.

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பவை மூன்று: அக்கறையுள்ள மேலதிகாரி, பொறுமையான மனைவி, நிரந்தர வேலை. மூன்றுமே பெண் தொழிலாளிக்கு எட்டாதவை. குடிக்கும் கணவனை மனைவி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவாள். குடிக்கும் மனைவியை யார் அழைத்து வருவது? மேஸ்திரியிடம் சொன்னால் வேலை போகலாம், மானமும் போகலாம். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் திரும்பி வரும்போது இடம் இருக்கும் என்ற உத்தரவாதம்கூட இல்லை.

இத்தனைக்கும் அவசரம் அவளுக்குத்தான் அதிகம். பெண் உடலில் நீர்ச்சத்து குறைவு என்பதால் அதே அளவு மது ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது. ஈரலும் சீக்கிரம் கெடுகிறது. தானாகவே சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர்களுக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவக் கண்காணிப்பில் ஒரு வாரம், பத்து நாள் தங்க வேண்டும். அத்தனை நாள் கூலி யார் தருவார்? குழந்தைகளை யார் பார்ப்பார்?

பணத்தைவிடப் பெரிய தடை பார்வை. உயர்பதவியில் இருக்கும் ஆண் குடித்தால் ‘டென்ஷன்’. தலித் தொழிலாளி குடித்தால் ‘அவர்கள் வழக்கம்’. பெண் குடித்தால் ‘நடத்தை சரியில்லை’. வழக்கம் என்றால் சிகிச்சை தேவையில்லை; நடத்தைக்கேடு என்றால் இரக்கம் தேவையில்லை. தலித் பெண்ணின் தலையில் இரண்டு பழிகளும் விழுகின்றன. நோய் என்ற பெயர் மட்டும் கிடைப்பதில்லை.

தடையுத்தரவால் தீரும் விஷயமும் அல்ல இது. 2007 ஜூலையில் கர்நாடகம் சாராயத்தை ஒழித்தது; மலிவு விஸ்கி பாக்கெட்டுகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

சட்டம் ஓரளவு வழிகாட்டுகிறது. 2017ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் நோயாகவே கருதுகிறது. ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமை ஆக்குகிறது. 10 பேருக்குக் குறையாத எந்த அலுவலகத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க, பெண் தலைமையில் குழு அமைக்க 2013ம் ஆண்டுச் சட்டத்தால் முடிந்தது. அதேபோல மேஸ்திரியின் கண்ணில் படாமல் ஊழியர்கள் அணுகக்கூடிய ஒரு பெண் ஆலோசகரை மாநகராட்சியும் கம்பெனிகளும் நியமிப்பது பெரிய செலவல்ல. சிகிச்சைக் காலத்துக்குச் சம்பளம், பெண்களுக்குத் தனி வார்டு, குழந்தைகளுக்குக் காப்பகம், திரும்பியதும் அதே வேலை ஆகியவையும் சேர்ந்தால்தான் திட்டம் முழுமையாகும். தொலைபேசியில் பேச விரும்புவோருக்கு 2022ல் தொடங்கிய மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

நாற்றம் தாளாமல் குடிப்பவருக்கு ஆலோசனை மட்டும் போதாது. கையுறை, முகக்கவசம், குளிக்கத் தண்ணீர், குப்பையைத் தரம் பிரித்துத் தரும் குடிமக்கள் எல்லாமே சிகிச்சையின் பகுதிதான். இதில் கடைசிப் பொறுப்பு அக்ரஹாரத்து வீடுகளிலிருந்தே தொடங்கலாம்.