திருமயம் தந்த சட்டசபை வீரர்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் வழியில் திருமயம் கோட்டையைக் காணாதவர் நம் ஜில்லாவில் இரார். அங்கே குன்றையொட்டிய கோயிலில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்குச் சத்தியமூர்த்தி என்று திருநாமம். 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி அவ்வூரில் பிறந்த ஒரு குழந்தைக்கும் அப்பெயரே வாய்த்தது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் வழங்குவதை அறிந்த என் மாணாக்கர்கள்கூட, அவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்றதும் வியப்படைகிறார்கள்.

அவர் புகழ் பெற்ற களம் சட்டசபை. சட்டசபைகளைப் பகிஷ்கரிப்பதே தேசத் தொண்டு என்று காங்கிரஸில் பெரும்பாலோர் கருதிய காலத்தில், உள்ளே புகுந்தே சர்க்காரை எதிர்க்க வேண்டுமென்ற சுயராஜ்யக் கட்சியாருடன் அவர் நின்றார். 1923-இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். 1934-இல் ஜஸ்டிஸ் கட்சியின் ஏ. ராமசாமி முதலியாரைச் சென்னையில் தோற்கடித்து மத்திய சட்டசபைக்குச் சென்றார். பூலாபாய் தேசாய் தலைவராக இருந்த காங்கிரஸ் கட்சிக்கு அங்கே இவர் துணைத் தலைவர். கேள்வி நேரத்தில் இவர் எழுந்தால் சர்க்கார் தரப்பாருக்குப் பதில் சொல்லி மாளாது. கேள்வி கேட்பதும் ஒரு போர்முறை என்பதை நம்மவர் பலருக்குக் கற்பித்தவர் இவரே என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்நிய ஆட்சியிடம் இத்தனை தீவிரம் காட்டியவர், சமூக வழக்கங்களில் பழமையின் பக்கம் நின்றார். இதை அவரைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று.

1927-இல் சென்னைச் சட்டசபையில், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று ஒரு தீர்மானம் வந்தது. கொணர்ந்தவர் சபையின் துணைத் தலைவர் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி. அவரும் புதுக்கோட்டையில் பிறந்தவர். சத்தியமூர்த்தியைவிட ஒரு வயது மூத்தவர். சத்தியமூர்த்தி பயின்ற மகாராஜா கல்லூரியிலேயே, ஆண்பிள்ளைகளுக்கு நடுவே, மன்னரின் அனுமதி பெற்றுப் பயின்றவர். அவருடைய தாயாரோ அந்தத் தேவதாசி மரபிலேயே தோன்றியவர். ஆகவே அவர் பேசியது ஏட்டிலிருந்து அன்று, வீட்டிலிருந்து.

சத்தியமூர்த்தி எதிர்த்தார். ஆலய மரபையும் அதனோடு வளர்ந்த கலையையும் காக்க வேண்டுமென்பது அவர் கட்சி. நாடக மேடையில் நடித்தவர், சங்கீதத்தில் தோய்ந்தவர். கலை அழியுமே என்ற கவலை பொய்யன்று. எனினும் அக்கலையைச் சுமந்த பெண்ணின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? அவ்விடத்தில் அந்தப் பெரிய கேள்விக்காரர் கேள்வி கேட்கத் தவறினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீர்மானம் நிறைவேறியது. முழுத் தடைச் சட்டம் வருவதற்கு 1947 ஆயிற்று. அதற்குள், சிறை வாழ்வில் உடல் நைந்து, 1943 மார்ச் 28-ல் சத்தியமூர்த்தி காலமாகிவிட்டார். சென்னையின் மேயராக அவர் முயன்று தொடங்குவித்த பூண்டித் திட்டம் மறு ஆண்டுதான் முடிந்தது. அதையும் அவர் காணவில்லை.

சென்ற ஆண்டு இவ்விவாதத்தை எங்கள் பள்ளியில் மாணாக்கர்களைக் கொண்டு நடத்தினோம். சத்தியமூர்த்தியின் தரப்பில் பேச எவரும் முன்வரவில்லை. முடிவில் திருமயத்துப் பெண் ஒருத்தியை வற்புறுத்திச் சம்மதிக்கச் செய்தேன். அவள் அரை மணி நேரம் சளைக்காமல் வாதாடினாள். பிறகு வாக்கெடுப்பில் முத்துலக்ஷ்மியின் பக்கம் முதலில் கை தூக்கியவளும் அவளே.