வயிற்றோடு தைத்த கை!
3 வாரத்தில் ரத்தக் குழாய் முளைக்கும் அதிசயம்

ஒருவருடைய கையை அவருடைய அடிவயிற்றோடு சேர்த்துத் தைத்து விடுகிறார்கள்!

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சுமார் 3 வாரம் கை அப்படியே இருக்க வேண்டும். சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அப்படியேதான்.

இது என்ன தண்டனை? தண்டனை அல்ல. கையைக் காப்பாற்றும் வைத்தியம்!

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

வடசென்னையில் துறைமுகத்தைத் தாண்டி, திருவொற்றியூர், எண்ணூர் வரை தொழிற்சாலைகளும் பட்டறைகளும் இருக்கின்றன. இயந்திரத்தில் கை சிக்கிக்கொள்வதும் உண்டு.

உழைக்கிறவனுக்குக் கைதான் சொத்து. கை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ராயபுரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு அங்கே கஞ்சி ஊற்றியதால் வந்த பெயர் அது.

கை வைத்தியத்தில் இந்த ஆஸ்பத்திரி பேர் பெற்றது. டாக்டர் ஆர்.வெங்கடசாமி இங்கே கை ஆபரேஷனுக்கு என்றே ஒரு பிரிவை வளர்த்தார். விரல் நுனி துண்டாகிப் போனால், பக்கத்துத் தோலை முக்கோணமாக வெட்டி, அதன் ரத்தக் குழாயோடு நகர்த்தி மூடும் முறையை அவரும் டாக்டர் என்.சுப்பிரமணியனும் 1980-ல் வெளியிட்டார்கள்.

"ரத்தக் குழாயோடு" என்பதைக் கவனிக்க வேண்டும். ரத்தம் ஓடாத தோல் பிழைக்காது!

வயிறு கொடுக்கும் தோல்

காயம் பெரிதாகி எலும்பே தெரிந்தால் என்ன செய்வது? அங்கே மெல்லிய தோலை ஒட்டினால் பிடிக்காது.

அப்போது அடிவயிற்றின் ஓரத்தில் உள்ள தோலைப் பட்டையாகக் கிளப்புவார்கள். ஒரு முனையை வெட்டாமல் உடம்போடு விட்டு, மறுமுனையைக் கைக் காயத்தில் வைத்துத் தைப்பார்கள். இந்த முறையை 1972-ல் மெக்ரிகர், ஜாக்சன் என்ற டாக்டர்கள் எழுதினார்கள்.

முதலில் அந்தத் தோலுக்கு வயிற்றில் இருந்து ரத்தம் வரும். சுமார் 3 வாரத்துக்குள், கையில் இருந்து புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து அதற்குள் போய்விடும். பிறகு வயிற்றுப் பக்கத்தை வெட்டிவிடலாம்.

அந்தப் புதிய குழாய்களைக் கட்டியது யார்? டாக்டர் அல்ல. கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள்!

பசித்த அணுக்களின் கூக்குரல்

உயிரணுவுக்குப் பிராணவாயு வேண்டும். அதைக் கொண்டுவருவது ரத்தம். காயம்பட்ட இடத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே அங்குள்ள அணுக்கள் ஒரு ரசாயனப் பொருளைக் கசிய விடுகின்றன. "இங்கே ரத்தம் வேண்டும்" என்ற கூக்குரல் அது!

பிராணவாயு குறைவதை அணுக்கள் எப்படி அறிகின்றன என்று கண்டுபிடித்த கேலின், ராட்கிளிஃப், செமன்சா ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தலைவன் யார்?

பக்கத்து ரத்தக் குழாயின் சுவரில் உள்ள அணுக்களுக்கு அந்தக் குரல் கேட்கிறது. எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பினால் சுவரே இடிந்துவிடும் அல்லவா?

அதனால் முந்திக்கொண்ட அணு முன்னால் போகிறது. "நீங்கள் பின்னால் வாருங்கள்" என்று அண்டை அணுக்களுக்குச் சேதி சொல்கிறது. விரல் போன்ற நீட்சிகளால் தடவித் தடவி வழி தேடுகிறது. மற்றவை வரிசையாகப் பின்தொடர்கின்றன. தலைவன் தளர்ந்தால், பின்னால் வந்த அணு முன்னால் போகும்!

எதிரே வரும் இன்னொரு கிளையைத் தொட்டதும் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. நடுவே துளை விழுகிறது. ரத்தம் பாய்கிறது. கிளைகள் பல சேர்ந்து மீன் வலைபோல ஆகிவிடுகின்றன.

ஆள் நடக்கிற பாதை நிலைக்கும்; நடக்காத பாதையில் புல் முளைக்கும். குழாய்களும் அப்படித்தான். ரத்தம் நன்றாக ஓடும் குழாய் நிலைக்கிறது. ஓடாதது சுருங்கி மறைகிறது.

மேஸ்திரி இல்லை. வரைபடம் இல்லை. ஆராய்ச்சித் தட்டில் வளர்த்த அணுக்கள்கூடத் தாமாகவே குழாய்களாகச் சேர்ந்ததை, 1980-ல் அமெரிக்காவில் ஃபோக்மன், ஹாடன்ஷில்டு என்ற இருவர் காட்டினார்கள்.

பீடி பிடித்தால்?

இந்த வேலையைக் கெடுக்கவும் முடியும். பீடி, சிகரெட்டில் உள்ள நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஒட்டிய தோல் கறுத்துப் போகலாம். கையை இழுத்து அசைத்தாலும் ஆபத்துதான். அதனால்தான் டாக்டர்கள் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள்.

வயிற்றில் இருந்து பிரிக்கும் முன்பு ஒரு சோதனை உண்டு. வயிற்றுப் பக்கத்து ரத்தத்தைச் சிறிது நேரம் இறுக்கி நிறுத்துவார்கள். கையில் உள்ள தோலை விரலால் அழுத்தி எடுப்பார்கள். அழுத்திய இடம் வெளுக்கும்.

வெளுத்த இடம் மறுபடி சிவந்தால், கையில் இருந்தே ரத்தம் வருகிறது என்று அர்த்தம்.

கை பிழைத்தது!