வண்டி ஓடும், பேப்பர் ஓடுமா?

பாறசாலைப் பக்கம் ஒருவர் பட்டாள லாரி வாங்கிவிட்டார் என்றால், பார்க்க வருபவர்கள் முதலில் குனிந்து பின் ஆக்ஸிலைத்தான் தேடுவார்கள். அதன் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் உருண்டைக்கு வெள்ளையடித்து, மேலே ஒரு குட்டி விளக்கு வைத்திருப்பார்கள். ராணுவ வண்டிகள் இரவில் முன்விளக்கை அணைத்துவிட்டு வரிசையாகப் போகும்போது, பின்னால் வரும் டிரைவருக்கு அந்த வெள்ளைதான் வழிகாட்டி. அது கண்ணில் பட்டதும், "அசல் மிலிட்டரி தான் அண்ணாச்சி" என்று தலையாட்டுவார்கள். அந்த வெள்ளையை அடிக்க கால் லிட்டர் பெயிண்ட் போதும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த ஊர்களில் பட்டாள வண்டிக்கு மவுசு குறையாததற்குக் காரணம் உண்டு. மலையோரத்தில் தடி பிடிக்க வேண்டும், ரப்பர் விளைக்குள் ஏறி இறங்க வேண்டும்; நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இதற்குத் தோதானது. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்யப்பட்ட சக்திமான் லாரி, நிஸான் ஒரு டன், ஜோங்கா என்று பெயர் சொன்னாலே பழைய ஆட்களின் கண் விரியும். சிக்கல் வண்டியில் இல்லை, எல்லையில் இருக்கிறது. இஞ்சிவிளையிலிருந்து ஒரு நடை நடந்தால் களியக்காவிளை. இந்தப் பக்கம் பாறசாலையின் கேஎல் 19, நெய்யாற்றின்கரையின் கேஎல் 20. அந்தப் பக்கம் மார்த்தாண்டத்தின் டிஎன் 75. நமக்கு அது ஒரே கடைத்தெரு, சட்டத்துக்கு இரண்டு மாநிலம். பட்டாள வண்டி இதற்கும் அப்பால், மூன்றாவதாக ஓர் உலகத்திலிருந்து வருகிறது.

2025 செப்டம்பர் 23 அன்று கேரளம் முழுக்கச் சுங்கத்துறை நடத்திய 'ஆபரேஷன் நும்கோர்' சோதனையை மறந்திருக்க மாட்டோம். நும்கோர் என்றால் பூடானின் மொழியில் வண்டி. பூடான் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளும் மற்றவையும் திருட்டுத்தனமாக இந்தியாவுக்குள் வந்தன. இந்திய ராணுவத்தின் பெயரிலும் தூதரகங்களின் பெயரிலும் போலிப் பத்திரம் போட்டு வட மாநிலங்களில் பதிவாகி, கேரளத்தில் விற்பனையாயின என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. முதல் நாளிலேயே 36 வண்டிகள் பிடிபட்டன. திரை நட்சத்திரங்களின் வீடுகளுக்கே அதிகாரிகள் போனதால் செய்தி பரபரத்தது. நமக்கு வேண்டிய பாடம் வேறு: பிடிபட்ட பல வண்டிகளில் முறையான ஆர்சி புத்தகம் இருந்தது. ஆர்சி இருப்பது மட்டுமே போதாது, அந்த ஆர்சி எதை வைத்துப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

ராணுவ வண்டிக்கு ராணுவமே எண் கொடுத்துக்கொள்ளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. மேல்நோக்கிய அம்புக்குறி, அடுத்து வாங்கிய ஆண்டின் இரண்டு இலக்கம் என்று அந்த எண் தொடங்கும். வண்டி ராணுவத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சாதாரண வண்டிபோல் ஆர்டிஓவில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அடிப்படை, ஏலத்தில் விற்ற ராணுவ அதிகாரி கையெழுத்திட்ட படிவம் 21. விண்ணப்பமான படிவம் 20-லேயே 'முன்னாள் ராணுவ வண்டி' என்று தனி இடம் உண்டு. விற்பவரிடம் படிவம் 21-இன் மூலத்தைக் கேளுங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஏலம் எடுத்தவர். ஏலங்கள் பெரும்பாலும் மத்திய அரசின் எம்எஸ்டிசி தளத்தில் லாட்டு லாட்டாகப் போவதால், ஒற்றை வண்டிக்காரரான நாம் அநேகமாக ஒரு வியாபாரியிடம்தான் வாங்குவோம். அப்படியானால் முதலில் அவர் பெயரில் பதிவாகி, பிறகு நம் பெயருக்கு மாற வேண்டும். "பத்து ரூபாய் பத்திரத்துல எழுதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. ராணுவத்தின் செயல்பாட்டுக்கான சிறப்பு வண்டிகளுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், கழித்த அரசு வண்டிகள் பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களுக்கு மட்டுமே ஏலம் போவது கூடிவருகிறது. அப்படிப் போன வண்டி உயிரோடு ஆக்கர் கடைக்கு வெளியே நின்றால், அதை எவ்வளவு தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் இரும்பு விலைதான். ஏல அறிவிப்பில் லாட்டு எந்த நிபந்தனையில் விற்கப்பட்டது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கூடவே, சேஸிஸ் எண்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். வெட்டிய எழுத்தின் ஆழம் ஒன்றுபோல் இல்லையென்றால் அந்தத் தாளே பேசும்.

வண்டிக் கோளாறுகள் இதைவிட நல்லவை. ஒருமுறை எனக்குத் தெரிந்தவரின் லாரியில் முன்விளக்கு எரியவில்லை; வயரிங்கை முழுக்கப் பிரித்துப் போட்டு இரண்டு நாள் தேடினார்கள். கடைசியில் பார்த்தால் டாஷ்போர்டில் இருக்கும் திருகு சுவிட்ச் 'இருட்டு ஓட்ட' நிலையில் நின்றிருக்கிறது. பட்டாள லாரிகளில் பலவும் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருப்பார்கள். பாட்டுப் பெட்டிக்காக ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்தால் அது இறங்கிக்கொண்டே போகும், மற்றது கொதிக்கும். டிப்போவில் பல காலம் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கும், வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் நிற்கும். ஸ்டார்ட் ஆகி உடனே நின்றால் பம்பைக் கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் ஃபில்டரை மாற்றி ஏர் எடுங்கள். டயரில் பட்டன் தேயவில்லை என்று மயங்க வேண்டாம். பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2312 என்றால் 2012-இன் 23-வது வாரம் செய்தது. முன் ஆக்ஸிலை இணைத்தபடியே தார் ரோட்டில் ஓட்டினால் ஸ்டீயரிங் இறுகும், டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். அது சேற்றுக்கும் சரிவுக்கும் மட்டும்.

ஆலிவ் பச்சை நிறத்தை மாற்றியே ஆக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அது பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே உரியது. பெட்டியை வெட்டி, வேறு எஞ்சின் வைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டினால் கனரக உரிமமும் வேண்டும்.

ஏமாந்துவிட்டால்? 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்ற ஏல நிபந்தனை எஞ்சின் கோளாறை நம் தலையில் கட்டும். ஆனால் விற்பவருக்கு விற்கும் உரிமையே இல்லையென்றால் கதை வேறு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பொது ஏலத்தில் நேரடியாக எடுத்தவருக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடம் கிடைப்பது கடினம். வியாபாரியிடம் வாங்கி, தன் பிழைப்புக்குத் தானே ஓட்டுபவருக்கு வழி உண்டு. கடை களியக்காவிளையில் இருந்தாலும், குடியிருப்பு பாறசாலை என்றால் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, கெடு 2 ஆண்டு.

பத்திரம் போலி என்றால் போலீஸ். "சம்பவம் அந்தப் பக்கம் நடந்தது, அங்கே போ" என்று எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்ப 2024 ஜூலை முதல் இடமில்லை; குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு. ராணுவ உடையில் படம் காட்டி, "டிரான்ஸ்ஃபர் ஆயிட்டேன், வண்டியைச் சும்மா விலைக்குத் தரேன்" என்று ஆன்லைனில் முன்பணம் பறிக்கும் ஆட்கள் நாடெங்கும் உண்டு. பணம் போனால் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஆர்டிஓ பதிவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு 30 நாள் உண்டு. மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். குறைகளை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்க அரசமைப்பின் 350-வது பிரிவு உரிமை தருகிறது, தமிழிலேயே எழுதலாம். 30 நாள் கணக்கு உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும் என்பதால், அது தபாலில் வந்தால் உறையைக் கிழித்துப் போடாதீர்கள். தேதி முத்திரை உறைமேல்தான் இருக்கும்.