பல்லுக்கு ஈடு கேட்பது பாவமா?



சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சென்றவருக்கு அருகிலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் இல்லங்களில் என்ன சொல்வோம்? "அல்லாஹ்வின் நாட்டம்; ஸப்ர் செய்" என்போம். ஈடு கேட்பது தக்தீரை மறுப்பதாகும் என அஞ்சி வாளாவிருந்து விடுவோரும் உளர்.

மார்க்கம் அவ்வாறு கூறவில்லை. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. ஒரு பல்லுக்கு நட்டஈடு 5 ஒட்டகங்கள் என்றும் ஹதீஸ்களில் வந்துள்ளது. பிடுங்கச் சொன்ன பல்லை விட்டு வேறொன்றைப் பிடுங்கியவர் ஈடு செலுத்த வேண்டும் என்று இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் 'அல்முக்னீ' நூலில் உரைக்கிறார்கள். ஸப்ர் உள்ளத்தின் கடமை. ஈடு பாதிக்கப்பட்டவரின் உரிமை. மன்னிப்பது மேன்மையே, ஆனால் மன்னிக்குமாறு பிறர் நெருக்குதல் ஆகாது.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வுரிமையை ஏற்கிறது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்ட சேவையே என உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் அதுவே நிலை என்பது 2022இல் உறுதியாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வழக்கறிஞரின்றித் தாமே வாதாடலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுக் கட்டணமும் இல்லை. எவரிடமும் கட்டணம் பெறாத மருத்துவமனை இச்சட்டத்தில் அடங்காது. அங்கு நேர்ந்த கேட்டிற்கு உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

எனினும் கெட்ட விளைவெல்லாம் கவனக்குறைவு ஆகிவிடாது. கீழ்த்தாடையின் ஞானப்பல் வேருக்கு அருகே நரம்பொன்று செல்கிறது. தேர்ந்த மருத்துவர் கவனமாக எடுத்தாலும் சிலருக்கு உதடு மரத்துப்போகக்கூடும். எக்ஸ்ரே பார்த்தாரா, இவ்வாபத்தை முன்பே எடுத்துரைத்தாரா என்பனவே வினாக்கள். தகுதியுள்ளவர் அனுமதி பெற்று, முறைப்படி செய்ததில் நேரும் கேட்டிற்கு ஈடில்லை என்றே ஃபிக்ஹ் அறிஞர்களும் கூறினர். சிகிச்சை பயனளிக்காமற் போனது மட்டும் கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2005இல் தெளிவுபடுத்தியது. பிழை செய்யாத மருத்துவரிடம் பணம் பறிக்க எண்ணுவது அநீதியன்றோ?

ஆகவே, சாய்வு நாற்காலியில் அமருமுன்பே விழிப்புடன் இருங்கள். அவர் பதிவு பெற்ற பல் மருத்துவரா என விசாரியுங்கள். மலிவென்று கருதிப் பட்டமில்லாதவரிடம் பிள்ளைகளின் வாயை ஒப்படைக்காதீர்கள். எந்தப் பல், ஏன், வேறு வழி உண்டா என்று கேளுங்கள். தெளிவான சம்மதமின்றிச் சிகிச்சை கூடாது என்பதை 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று வலியுறுத்துகிறது. ரசீது, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஐயம் எழுந்தால் மற்றொரு பல் மருத்துவரின் கருத்தை எழுத்தில் பெறுங்கள். சான்றில்லாத உண்மை நீதிமன்றத்தில் நிற்காது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் மார்க்கம் நம்முடையது. ரசீது கேட்க நாம் ஏன் கூச வேண்டும்?