முடி வெட்டினால்தான் டிவியில் இடம்

1992-இல் மலேசிய ராக் ரசிகர்கள் மறக்க முடியாத ஒரு முடிவெட்டு நடந்தது. 'சர்ச்' குழுவின் பாடகர் ஏமியும் 'விங்ஸ்' குழுவின் அவியும், தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் முன்னிலையில், கேமராக்கள் சூழ, தங்கள் நீள முடியைப் பறிகொடுத்தார்கள். நீளமுடிக்காரர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் இடமில்லை என்பது அன்றைய கட்டளை. 'இசாபெல்லா' பாட்டால் 1989-இலேயே நாடறிந்த குரல் ஏமியுடையது. அந்தக் குரலுக்கும் கத்தரிக்கோல்தான் கதவைத் திறந்தது!

மலாக்காவில் இதை வெறும் மலாய்க்காரர் சங்கதி என்று ஒதுக்க முடியாது. ஜாசின், அலோர் காஜா, ஆசஹான் பக்கத்துத் தோட்டப் பையன்கள் சினிமாப் பாட்டோடு மலாய் ராக்கையும் கேட்டு வளர்ந்தவர்கள். கோயில் திருவிழா மேடையில் இளையராஜா பாட்டுக்கு கிட்டார் வாசிப்பவன், லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தால் 'சர்ச்' பாட்டைத்தான் மீட்டுவான். முடி கொஞ்சம் நீண்டுவிட்டால் வீட்டில் அர்ச்சனை தொடங்கிவிடும். டிவியில் அமைச்சரே வெட்டச் சொன்னபோது அம்மாக்களுக்கு எவ்வளவு தெம்பு வந்திருக்கும்!

இத்தனைக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முன்னுதாரணம் இருந்தது. 1969-இல் பினாங்கில் உருவான 'அலிகேட்ஸ்' குழுவின் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுகளால் நாட்டையே கட்டிப்போட்டவர்கள். டேவிட்டின் தலையில் குடைபோல் விரிந்த சுருட்டை முடியே அந்தக் குழுவின் அடையாளம்.

முடியை விடுங்கள்; குடும்பம் கூடிப் பார்க்கும் நேரத்து டிவிக்கு ராக் கலைஞர் எப்போதுமே சங்கடமான விருந்தாளிதான். 1976 டிசம்பர் 1 அன்று லண்டனில், மாலைத் தேநீர் வேளையில் ஒளிபரப்பான 'டுடே' நிகழ்ச்சிக்கு 'குவீன்' குழு வர முடியாமல் போக, 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' பையன்களை உட்கார வைத்தார்கள். தொகுப்பாளர் பில் கிரண்டி சீண்டினார். அவர்கள் நேரலையில் கெட்ட வார்த்தை பேசினார்கள். கிரண்டிக்கு இரண்டு வாரம் பணி இடைநீக்கம்; குழுவுக்கோ நாடு முழுக்க விளம்பரம்.

நேர்மாறான கதை ஜான் லெனனுடையது. 1972 பிப்ரவரியில் அவரும் யோகோ ஓனோவும் அமெரிக்காவின் 'மைக் டக்ளஸ் ஷோ'வை ஒரு வாரம் சேர்ந்து நடத்தினார்கள். தன் ஆதர்சமான சக் பெர்ரியோடு லெனன் பாடினார். கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் பாபி சீல் வந்து அரசியல் பேசினார். மதியச் சமையல் நடுவே டிவி பார்க்கும் குடும்பத் தலைவிகளுக்கு அது எதிர்பாராத பாடம்.

நம் ஊரில் பகல் டிவியின் பார்வையாளர்களே வேறு. விடியுமுன் பால்மரம் வெட்டப் போய், மதியத்துக்குள் வீடு திரும்புகிற தோட்டத்தில் அப்பாவும் பகலில் டிவி முன்னால் இருப்பார். தோட்டம் விட்டு பத்து பிரெண்டாம் தொழிற்சாலைகளுக்குப் போன தலைமுறையிலோ, இரவு ஷிப்ட் முடித்தவர்களுக்குப் பகல்தான் ஓய்வு. அந்த நேரத்தில் டிவி பேட்டி நிகழ்ச்சியின் சோபாவில் ஒரு பையன் கிட்டாரோடு உட்கார்ந்து பேசினால், மேடையில் பத்து ஆண்டுகள் வாசித்தும் கிடைக்காத மரியாதை அவனுக்கு வீட்டில் கிடைத்துவிடும். சோபாவைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

குறை சோபாவில் இல்லை, கேள்விகளில் இருக்கிறது. பிடித்த சாப்பாடு என்ன, கல்யாணம் எப்போது, அம்மா என்ன சொன்னார்? அரை மணி நேரம் இப்படியே கரைந்துவிடும். கடைசியில் வாய்ஸ் மட்டும் வைத்து இரண்டு வரி பாடச் சொல்வார்கள். டிரம்ஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். முடியை வெட்டிய காலம் போய், இப்போது பாட்டையே வெட்டுகிறார்கள்.

ஆர்டிஎம்மின் 'வசந்தம்', அஸ்ட்ரோ வானவில்லின் 'விழுதுகள்' என்று தமிழில் பேச மேடைகள் நமக்கு உண்டு. அவற்றின் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மலாக்காவிலிருந்து ஒரு குழுவை அழைத்தால் டிரம்ஸையும் ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்தே கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் ஒரு முழுப் பாட்டை வாசிக்க விடுங்கள். அம்மாவைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.